கை எங்கே?

ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கு மேலாகப் பொத்தான் அமுக்கிக்கொண்டிருந்த மனிதரைப் பற்றி என்ன பெரிதாகச் சொல்லிவிட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். அவரையே கேட்டால், "நான் ஏறாத உயரமில்ல, ஆனா ஒரு இடத்துக்கும் போய்ச் சேர்ந்ததில்ல" என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். ஆனால் சொல்ல நிறைய இருக்கிறது. இந்த லிஃப்ட்காரரின் கதை ஆரம்பிப்பதே ஐம்பது வயதுக்கு மேல்தான்.

ஒரு நாள் அந்தக் கட்டடத்தில் பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்கள். அது தானாகக் கதவைத் திறந்தது, தானாக மூடியது, எந்த மாடி வந்திருக்கிறது என்பதை ஒரு பெண்குரலில் தேன் ஒழுகச் சொல்லவும் சொன்னது. இத்தனையும் செய்கிற லிஃப்டுக்குள் ஸ்டூல் எதற்கு? அதைத் தூக்கி வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

"நீங்க இங்கயே உக்காந்துக்குங்க. யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு பாத்தா போதும்" என்றார் மேனேஜர். நல்ல மனிதர்தான், உதவி செய்வதாக நினைத்தே சொன்னார். லிஃப்ட்காரர் ஸ்டூலைச் சற்று நேரம் பார்த்தார். இவர் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் நடுவில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

"உக்காந்தது போதும் சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எந்தச் சங்கடத்தைக் கொண்டுபோனாலும் அதற்கு அவளிடம் ஒரு மாத்திரை இருக்கும். இதற்கு மட்டும் இல்லை.

"வேலைய விட்டுட்டு என்ன செய்யறதா உத்தேசம்?"

"எலெக்ட்ரீஷியன் ஆகப் போறேன்."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "இத்தனை வருஷம் லிஃப்ட்ல ஏறினவரு, இந்த வயசுல ஏணில ஏறப் போறீங்களா? முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"முட்டிக்குத்தான் நீ மாத்திரை வச்சிருக்கியே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. விளையாட்டாகப் பேசும்போது அவர் காதைச் சொறிவார். இப்போது சொறியவில்லை.

இது திடீரென்று முளைத்த ஆசையும் இல்லை. பழைய லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும். மெக்கானிக் வந்து மொட்டைமாடி அறையிலிருக்கும் சாம்பல் நிறப் பெட்டியைத் திறப்பார். லிஃப்ட்காரர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று கழுத்தை நீட்டுவார். "தள்ளி நில்லுங்க, கரண்ட் இருக்கு" என்று விரட்டு விழும். ஒரு தடவை மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே கும்மிருட்டு. ஒரு பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்கள் இவரைத் திட்டித் தீர்த்தார்கள்; பொத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரை விட்டுவிட்டு வேறு யாரைத் திட்ட முடியும்? அப்புறம் மேலே யாரோ எதையோ சரிசெய்தார்கள். விளக்கு எரிந்தது, லிஃப்ட் நகர்ந்தது, அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அந்த 'யாரோ'வாக ஒரு நாளாவது இருக்க வேண்டும் என்று அன்றைக்கு அவர் நினைத்தார். நினைப்பு வருஷக்கணக்காக உள்ளேயே கிடந்தது. ஸ்டூல் வெளியே வந்த அன்றுதான் அதுவும் வெளியே வந்தது.

மாலை வகுப்பில் சேர்ந்தார். தொழிற்பள்ளியின் பின்கட்டில், மரப்பலகைகளில் பெட்டிகளும் ஸ்விட்சுகளும் அடித்துவைத்த நீளமான அறை. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அவர் பெண்ணைவிடச் சின்னவர்கள். முதல் நாள் அவர் உள்ளே நுழைந்ததும் வாத்தியார் வந்துவிட்டார் என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவரும் விடவில்லை, "உக்காருங்க, உக்காருங்க" என்று கையமர்த்திவிட்டுப் போய் முதல் பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்தார். உண்மையான ஆசிரியை, குட்டையான, கண்டிப்பான ஒரு பெண்மணி, பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா ஓயாமல் ஒன்றைச் சொல்வார்: "கம்பியில இருந்து கைய எடுத்துட்டீங்கன்னா, அது புதுக் கம்பி. ஒரு நிமிஷத்துக்கு முன்னாடிதானே பாத்தேன்னு சொல்லக் கூடாது. மறுபடியும் டெஸ்டர் வைக்கணும்." சின்னப் பசங்கள் கொட்டாவி விட்டார்கள். லிஃப்ட்காரர் வீட்டில் டீவி ஸ்விட்சைத் தொடுவதற்கு முன்னால்கூட டெஸ்டரைத் தேடினார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

படிப்பை முடித்தார். பரீட்சையும் தேறினார். வேலைதான் கிடைக்கவில்லை. ஒரு காண்ட்ராக்டர், "உங்க பையனைச் சேக்க வந்தீங்களா? அவனையே அனுப்புங்களேன்" என்றார். இன்னொருவர் எதுவுமே சொல்லாமல் இவருடைய நரைத்த மீசையை மட்டும் பார்த்தார். மூன்றாவது ஆள் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். மரியாதைக்குக் குறைவில்லை, வேலைதான் இல்லை.

கடைசியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு காண்ட்ராக்டர். அவரிடம் போய் நிற்க எந்த மனிதனுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஏனென்றால் அவர் இவருடைய சொந்த மாப்பிள்ளை.

மாப்பிள்ளை வயரிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் அவர் வாயைத் திறந்து பேசினால் அது விசேஷம். மாமனாருக்கு முன்னால் கால்மேல் கால் போட்டுக்கூட உட்காராதவர். அப்படிப்பட்டவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது லிஃப்ட்காரர் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"மாப்பிள்ளை, என்னை உங்க வேலைக்கு எடுத்துக்குங்க."

டீ புரையேறிவிட்டது. பெண் ஓடிவந்து புருஷனின் தலையைத் தட்டினாள்.

"மாமா, நீங்க எதுக்கு... வீட்ல ஓய்வா இருக்கலாமே."

"ஓய்வெடுக்கற அளவுக்கு நான் ஒண்ணும் களைச்சுப் போயிடல."

மாப்பிள்ளை கப்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா கேக்கறாருல்ல? முடியும்னா முடியும்னு சொல்லுங்க, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. கப்புல பதில் எழுதியா வச்சிருக்கு?"

"சரிங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. முடியாது என்று சொல்ல அவருக்குத் தைரியமில்லை என்பதுதான் நிஜம். அதிலிருந்துதான் எல்லாத் தொல்லையும் ஆரம்பித்தது.

மாப்பிள்ளையிடம் இரண்டு ஆட்கள் இருந்தார்கள். ஒருவன் நெட்டை, ஏணி இல்லாமலே பாதி வேலையை முடித்துவிடுவான். இன்னொருவன் அவசரம், ஒரு வேலையை முடிப்பதற்குள் அடுத்த வேலையில் கை வைத்திருப்பான். வீட்டில் வாய் திறக்காத மாப்பிள்ளை சைட்டில் இடிமுழக்கம். டேய், ஏண்டா, அறிவிருக்காடா என்று அவர் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். அதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். கரண்ட் வேலையில் மெதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பது அவர் கொள்கை.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மெயின் ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னால் மாப்பிள்ளை மெயினுக்கு எதிரில் நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்.

"நெட்டை! கை எங்கடா?"

"வெளியில!"

"அவசரம்! கை எங்கடா?"

"வெளியில!"

யார் கையும் கம்பியில் இல்லை என்று பதில் வந்த பிறகுதான் மெயின் விழும், கரண்ட் பாயும். ஒருத்தன் கண்ணுக்கு எதிரிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் அவனைக் கூப்பிட்டாக வேண்டும், அவனும் வாயால் சொல்லியாக வேண்டும். இந்த விஷயத்தில் மாப்பிள்ளை தளர்த்தியதே இல்லை.

லிஃப்ட்காரருக்கு அது முதல் நாளே பிடித்துப்போனது. தன் முறைக்காகக் காத்திருந்தார். கூப்பிட்டால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று தொண்டையைக்கூடச் செருமிக்கொண்டார். நெட்டை, அவசரம், அவ்வளவுதான். மெயின் விழுந்தது. மாப்பிள்ளை திரும்பி, இவர் பக்கத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"உக்காருங்க மாமா. வெயில்ல நிக்காதீங்க."

அந்த நாற்காலி அன்றிலிருந்து சாமான் வண்டியில் ஏறியது. எந்த சைட்டுக்குப் போனாலும் கம்பிச் சுருளுக்கு முன்னால் அது இறங்கும். லிஃப்ட்காரருக்குக் கொடுத்த வேலை, திருகாணிகளை அளவு பார்த்துப் பிரித்துவைப்பது, ஏணியைப் பிடித்துக்கொள்வது, டீ வந்துவிட்டதா என்று பார்ப்பது. ஒப்புக்குச் சேர்த்துக்கொண்ட ஆள். நெட்டைக்கும் அவசரத்துக்கும் ஒரே கொண்டாட்டம். மாமனார் இருக்கும்போது மாப்பிள்ளைக்கு வாயில் திட்டு வருவதில்லை. தப்புப் பண்ணினால், "கொஞ்சம் பாத்துச் செய்யப்பா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்.

"மாமா, நீங்க தெனமும் வந்துடுங்க. லீவு கீவு போட்டுடாதீங்க. நீங்க வந்ததுல இருந்துதான் எங்களுக்கு மானம் மரியாதையெல்லாம் கிடைக்குது" என்றான் அவசரம்.

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்துவந்தது நாற்காலியில் உட்காரவா? நாற்காலி இறங்கியதும் அதை மடக்க முடியாதே என்ற கோபத்தில் அதன்மேல் கம்பிச் சுருளை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். காலையில் முதல் ஆளாக வந்து வண்டியில் சாமான் ஏற்றினார். பைப் வளைக்கக் கற்றுக்கொண்டார். சுவரில் பைப் பதிக்கக் காடி வெட்டி உள்ளங்கை கொப்பளித்துப் போனபோது மனைவியிடம் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் வெட்டினார். காடி வெட்டலாம், தப்பில்லை. சுவருக்குள் கரண்ட் இல்லை. கம்பியை எடுத்தால்தான் மாப்பிள்ளை எங்கிருந்தாவது முளைத்துவிடுவார். "குடுங்க மாமா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

பெண்ணிடம் முறையிட்டார்.

"அவரு உங்க மேல மரியாதை வச்சிருக்காருப்பா."

"அந்த மரியாதைய அவரே வச்சுக்கிட்டு எனக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரைக் குடுக்கச் சொல்லு."

கடைசியில் நேராகவே கேட்டுவிட்டார். வண்டியில் இவரும் மாப்பிள்ளையும் மட்டும் இருந்த நேரம்.

"மாப்பிள்ளை, மெயின் போடறப்ப என்னை ஏன் கூப்பிட மாட்டேங்கறீங்க?"

மாப்பிள்ளைக்கு முகமே சுருங்கிப்போனது. "அது எப்படிங்க மாமா? உங்களைப் பாத்து, கை எங்கன்னு நான் கத்தறது நல்லாவா இருக்கும்? அதுவும் இல்லாம, கம்பியில கை வைக்கறவங்களைத்தானே கூப்பிடணும். நீங்க எதுலயும் கை வைக்க வேண்டாம்னுதானே நான்..." மீதியை முழுங்கிவிட்டார்.

லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விஷயம் இப்போது தெளிவாகிவிட்டது. அந்த வரிசையில் பெயர் இருந்தால் எலெக்ட்ரீஷியன். இல்லாவிட்டால் மாமனார். மாமனாராக இருப்பதற்கு மாலை வகுப்பு தேவையில்லை, பெண்ணைப் பெற்றால் போதும். எப்படியாவது அந்த வரிசையில் ஏறிவிடுவது என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார்.

அப்போது நடந்துகொண்டிருந்தது ஒரு பழைய மாடி வீட்டைப் பல் மருத்துவமனையாக மாற்றும் வேலை. முன்னறையில் மெயின். அதிலிருந்து ஒரு நீள நடை போய்ப் பின்னால் ஸ்டோர் ரூமில் முடியும். பக்கத்து அறையில் தரைக்கல் பாலிஷ் போடும் மிஷின் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் அவசரம் இவரிடம் ஓடிவந்தான்.

"மாமா, ஸ்டோர் ரூம்ல ஒரே ஒரு பிளக் பாயிண்ட் பாக்கி. மெயின் ஆஃப்லதான் இருக்கு. நீங்க மாட்டிடறீங்களா? எனக்கு மாடியில வேலை கிடக்கு."

கரும்பு தின்னச் சொன்னதைப் போலத்தான் இருந்தது. மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்; அதனால் சொல்லவில்லை. தப்புதான், வேறென்ன?

ஸ்டோர் ரூமில் இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் பெட்டி. டெஸ்டர் வைத்துப் பார்த்தார், எரியவில்லை. கம்பி முனைகளைச் சீவினார், முறுக்கினார். விரல் ஆசிரியையின் குரலுக்குக் கட்டுப்பட்டு நிதானமாக வேலை செய்தது. ஒரு கம்பியை மாட்டி முடித்து, அடுத்ததற்குத் திருகாணியை எடுக்கும்போது அது கைநழுவி அலமாரிக்கு அடியில் உருண்டுவிட்டது. முட்டி போட்டுக் குனிந்தார். முட்டி நறநறவென்று தன் அபிப்பிராயத்தைச் சொன்னது. தரையில் கன்னம் பட, கையை நீட்டித் துழாவினார்.

அந்த நேரத்தில் முன்னறையில் மாப்பிள்ளை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நெட்டை பதில் சொன்னான். மாடிப்படியில் நின்று அவசரம், "வெளியில!" என்றான். அவனைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. அவன் கை வெளியில்தான் இருந்தது. பாலிஷ் மிஷின் சத்தத்தில் இது எதுவும் ஸ்டோர் ரூமுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதில் லிஃப்ட்காரரின் முறை இல்லை. மெயின் விழுந்தது.

திருகாணி கிடைத்தது. அதை ஊதித் துடைத்துக்கொண்டு எழுந்தார். இடது கை, கம்பியைப் பிடிக்கப் பாதி தூரம் போய்விட்டது. ஒரு நிமிஷத்துக்கு முன்னாடிதானே பார்த்தோம் என்றுதான் அவருக்கும் தோன்றியது. ஆனால் கையை எடுத்தாகிவிட்டது. அப்படியென்றால் இது புதுக் கம்பி. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு டெஸ்டரை வைத்தார்.

டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்கு செக்கச்செவேலென்று எரிந்தது.

அவருக்கு டெஸ்டரை எடுக்கவும் தோன்றவில்லை, நகரவும் தோன்றவில்லை. பாயிண்ட் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு நடையில் வந்த மாப்பிள்ளை, வாசலில் நின்று இதைப் பார்த்தார். தோல் உரித்த கம்பிகள், எரியும் டெஸ்டர், அதற்குப் பின்னால் மாமனார்.

"யோவ்! கைய எடுய்யா! எடுய்யா கைய!"

அந்தக் குரலில் பாலிஷ் மிஷின்காரன் மிஷினை நிறுத்திவிட்டான். மாப்பிள்ளை திரும்பி ஓடி மெயினை அணைத்துவிட்டு, அதே ஓட்டத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"அறிவிருக்காய்யா உனக்கு? யாரைக் கேட்டுய்யா கை வச்ச? பட்டிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? ஆளே இருந்திருக்க மாட்டய்யா!"

நெட்டையும் அவசரமும் ஓடிவந்து வாசலில் சிலையாக நின்றார்கள். லிஃப்ட்காரர் டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகினார். பயத்தோடு ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

"நான் யாரையும் கேக்கல. நீ என்னைக் கேட்டியா? மெயினைப் போடறதுக்கு முன்னாடி என் கை எங்கன்னு கேட்டியா? ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

அவரும் மாப்பிள்ளையை அதுவரைக்கும் 'நீ' என்று சொன்னதில்லை. "நான்தாண்ணே மாமாகிட்ட வேலையக் குடுத்தேன்" என்று அவசரம் முனகினான். அதை யாரும் காதில் வாங்கவில்லை. மாப்பிள்ளை சுவரில் சாய்ந்துகொண்டார். நெட்டை ஓடிப்போய் அந்த நீல நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். மாப்பிள்ளை அதில் தொப்பென்று உட்கார்ந்தார். இத்தனை நாளில் அந்த நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது.

"மன்னிச்சுடுங்க மாமா. நாளையில இருந்து நீங்க வர வேண்டாம்."

யோவ் என்று கத்தியபோது லிஃப்ட்காரருக்கு வலிக்கவில்லை. சொல்லப்போனால், உள்ளுக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் இனிக்கக்கூடச் செய்தது. நெட்டையையும் அவசரத்தையும் திட்டுகிற அதே குரல்! இந்த 'நீங்க' தான் நெஞ்சில் ஏறி மிதித்தது.

வீட்டுக்குப் போவதற்குள் பெண் போனில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். மனைவி அன்றைக்குக் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அவரை உட்காரவைத்து, இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தும் மறுபடியும் முதல் விரலிலிருந்து ஆரம்பித்தாள்.

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு. உன் ஞாபகம்தான் வந்துச்சு."

"அப்ப இனிமே போக மாட்டீங்கல்ல?"

அவர் தன்னைக் காப்பாற்றியது என்ன என்று யோசித்தார். அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அது இல்லை. கற்றுக்கொண்ட வேலைதான் காப்பாற்றியது. கை பாதி தூரம் போய்த் திரும்பி வந்ததே, அந்தக் கை ஒரு எலெக்ட்ரீஷியனின் கை. அதை இனிமேல் லிஃப்ட் பொத்தானில் கொண்டுபோய் வைக்க முடியாது.

"போவேன்" என்றார்.

அவள் கையை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அவ்வளவுதான், பேச மாட்டாள் என்று நினைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் சாப்பாட்டு டப்பா கட்டித் தயாராக இருந்தது, மேலே முட்டிக்குத் தடவும் களிம்போடு.

"பாத்துக்கிட்டே நின்னா? வண்டி போயிடும், கிளம்புங்க" என்றாள். முகத்தை மட்டும் காட்டவில்லை.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் வண்டி நின்றது. லிஃப்ட்காரர் முதல் வேலையாகப் பின்கதவைத் திறந்து, நீல நாற்காலியை வெளியே எடுத்துச் சுவரோரமாக வைத்தார். அப்புறம் கம்பிச் சுருள்களை ஏற்ற ஆரம்பித்தார். மாப்பிள்ளை வெளியே வந்து பார்த்துவிட்டு நின்றார். அவர் கண் சிவந்திருந்தது, தூங்கவில்லை போலிருக்கிறது.

"நான்தான் நேத்தே சொன்னேனே மாமா..."

"அது உங்க மாமாகிட்ட சொன்னது. அவரு வீட்ல இருக்காரு. நான் வேலைக்கு வந்திருக்கேன்."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "நான் மெயினைப் போட்டிருக்கேன் மாமா. என் கையாலயே போட்டிருக்கேன். ஏதாவது ஆயிருந்தா நான் அவ முகத்துல எப்படி முழிப்பேன்?" வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "உள்ளதைச் சொல்லிடறேன். திட்ட முடியாத ஆளை வச்சுக்கிட்டு இந்த வேலையச் செய்ய முடியாது. எனக்கு உங்களைத் திட்ட வராது."

"நேத்து நல்லாத்தானே வந்துச்சு?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"இங்க பாருங்க" என்றார் லிஃப்ட்காரர். "சொல்லாம கை வச்சது என் தப்பு. இனி செய்ய மாட்டேன். கூப்பிடாம மெயின் போட்டது உங்க தப்பு. நீங்க எனக்குக் குடுத்த மரியாதைதான் நேத்து என்னைக் கொல்லப் பாத்துச்சு. அதை வீட்ல வச்சுக்குவோம். அங்க நான் மாமனார், நீங்க மாப்பிள்ளை, கால்மேல கால் போடாம உக்காருங்க, நான் வேண்டாங்கல. சைட்ல என்னைக் கூப்பிடுங்க. அவங்களைக் கூப்பிடற மாதிரியே கூப்பிடுங்க."

வாசலில் பெண் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. புருஷனைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையை அசைத்தாள். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சைட்டுக்குப் போனதும் லிஃப்ட்காரர் ஸ்டோர் ரூமுக்குப் போகவில்லை. நேராக மாப்பிள்ளைக்கு எதிரில் போய் நின்றார்.

"ஸ்டோர் ரூம் பாயிண்ட் பாதியில நிக்குது. நான் முடிக்கவா?"

மாப்பிள்ளை மெயினைத் திரும்பிப் பார்த்தார். "முடிங்க" என்றார்.

மெயின் அணைந்திருக்கிறதா என்று லிஃப்ட்காரர் தானே போய்ப் பார்த்தார். ஸ்டோர் ரூமில் டெஸ்டர் வைத்தார். மிச்சமிருந்த கம்பிகளை மாட்டி, பிளக் பெட்டியை மூடி, கடைசித் திருகாணியை முறுக்கினார். சோதனைக்காகக் கொண்டுவந்திருந்த பல்ப் ஒன்றை அதில் செருகி ஸ்விட்சைப் போட்டுவைத்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பாலிஷ் மிஷின் அன்றைக்கு இல்லை. வீடு முழுக்க அமைதி.

முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"நெட்டை! கை எங்கடா?"

"வெளியில!"

"அவசரம்! கை எங்கடா? உன் கை மட்டும் இல்லடா, உன் வேலைய வேற யாராவது செய்யறாங்களா?"

"இல்லண்ணே! வெளியில!"

அப்புறம் ஓர் இடைவெளி.

"மாமா... கை... எங்கங்க?"

நோயாளியை நலம் விசாரிக்கும் குரல். காதில் நன்றாகத்தான் விழுந்தது. இருந்தாலும் லிஃப்ட்காரர் வாயைத் திறக்கவில்லை. பதில் வராமல் மெயின் விழாது, அது சட்டம். எல்லோரும் நிற்கட்டும்.

"மாமா, கை எங்க?" இந்தத் தடவை கொஞ்சம் உயர்ந்திருந்தது. மிஷின் ஓடினால் நடையின் பாதி வரைக்கும்தான் வரும். ஸ்டோர் ரூம் வரைக்கும் வராது. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"அண்ணே, மாமா பதில் சொல்லல" என்று நெட்டை சொல்வது கேட்டது. "மெயினைப் போட்டுடாதீங்க."

"அட எனக்குத் தெரியாதாடா!" என்று மாப்பிள்ளை அவன்மேல் பாய்ந்தார். அந்தக் கோபம் அணைவதற்குள், வீடே அதிர அது கிளம்பி வந்தது.

"யோவ் மாமா! கை எங்கய்யா?"

"வெளியில!" என்று கத்தினார் அந்த எலெக்ட்ரீஷியன். மெயின் விழும் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது; பல்ப் எரிந்தது.